ஜீப்புக்குக் கட்டிய பல்செட்

முப்பது வருஷத்தில் ஊர்ப்பட்ட வாய்களுக்குப் பல் கட்டிக் கொடுத்தவர் பல்செட்டுக்காரர். தன் வாயைக் கட்டத்தான் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால், மூன்று வருஷத்துக்கு முன்னால், உறவுக்காரர்கள் இருபது பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், கூடப் பிறந்த தங்கையைப் பார்த்து அப்படி ஒரு பேச்சுப் பேசியிருக்க மாட்டார்.

அந்த வாரம்தான் தங்கை ஒரு பழைய ஜீப்பை வாங்கியிருந்தாள். ஜீப் என்று மரியாதைக்குச் சொல்லலாம். அவளைவிடப் பத்து வயது மூத்தது. கதவு கிடையாது, கூரை கிடையாது, தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு பூனை தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது. அதைத் தானே பிரித்து, தானே பூட்டி, மலை ஏற்றப்போவதாக அவள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்.

"எதையாவது முழுசா முடிச்சிருக்கியா நீ? படிப்பும் பாதியில, கல்யாணமும் பாதியில. இதுவும் பாதியிலதான் நிக்கும், பாரு" என்றார்.

யாரும் அதற்குச் சிரிக்கவில்லை. தங்கை தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள், கையைக் கழுவினாள், போய்விட்டாள். அதற்கப்புறம் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை. சொன்ன மறுநிமிஷமே அவருக்கு உறைத்தது. ஆனால் மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு மறுநிமிஷம் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் மறுநாள் வெட்கம், மறுமாதம் வீம்பு. எப்போதாவது போனில் பேசினால் "நல்லா இருக்கீங்களா?", "நல்லா இருக்கேன்" என்பதோடு சரி. சட்டையைப் பிடித்து இழுத்து "நீ, வா, போ" என்று வளர்ந்தவள், அவருக்கு "நீங்க" போட ஆரம்பித்துவிட்டாள். கூடப் பிறந்தவள் கொடுக்கிற மரியாதையைப் போல வலிக்கிற பொருள் உலகத்தில் வேறு இல்லை என்பது என் கட்சி. அவரும் அதைத்தான் சொல்வார், யாராவது கேட்டால்.

திங்கட்கிழமை காலை தங்கை போன் செய்தாள். அவருக்கு இல்லை, அவர் மனைவிக்கு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மனைவி துணி மடித்துக்கொண்டிருந்ததால் அவர் காதிலும் விழுந்தது.

"அண்ணி, வண்டி ஓடுது."

"நெஜமாவா!"

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விதை ஆராய்ச்சி நிலையத்துல வேலை கெடைச்சிருக்கு. வண்டி ஓட்டணும், ரிப்பேரும் பாக்கணும். சனிக்கிழமை கெளம்புறேன். இனிமே அங்கதான்."

பல்செட்டுக்காரர் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தார். இனிமேல் அங்கேதான். அதாவது, இந்தச் சனிக்கிழமைக்குள் சரி செய்யாததைப் பிறகு எந்தச் சனிக்கிழமை சரி செய்வது?

தங்கைக்கு ஒரே ஒரு குறை. அந்தக் கால ஜீப்பில் ஒரு டம்ளர் வைக்க இடம் கிடையாது. வண்டி ஓட்டுகிறவனுக்குத் தாகம் எடுக்கும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவேயில்லை போலிருக்கிறது. கடையில் விற்கிற தாங்கிகள் எதுவும் பொருந்தவில்லை. மாட்டக் கதவு இல்லை. ஒட்டச் சமதளம் இல்லை. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கியர்பெட்டியை மூடிய தகரத் திமில் ஒன்று, இரண்டு பக்கமும் சரிந்து கிடந்தது. வைத்தால் அங்கேதான் வைக்க வேண்டும்.

"ஆனா ஸ்க்ரூ போட விடமாட்டேன் அண்ணி. மூணு வருஷமா ஓட்டை அடைச்சு அடைச்சே விரலெல்லாம் தேஞ்சுபோச்சு. இன்னொரு ஓட்டையா?"

மனைவி துணியைக் கீழே வைத்தாள். "பல்லே இல்லாத வாயில, ஸ்க்ரூவும் இல்லாம ஆணியும் இல்லாம, முறுக்கு கடிக்கிற மாதிரி செட்டை நிக்க வைக்கிற மனுஷன் ஒருத்தர் இந்த வீட்டுல சும்மாதான் உக்காந்திருக்கார். கேட்டுப் பாக்கவா?"

அந்தப் பக்கம் ஒரு ஸ்பேனர் தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"கேளுங்க" என்றாள் தங்கை.

போனை வைத்ததும் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தத் தடவை கை மட்டும் வேலை செய்யட்டும். வாய்க்கு லீவு குடுங்க."

புதன்கிழமை மத்தியானம் ஒரு வாளி, ஒரு கரண்டி, பல் அளவெடுக்கிற மாவு மூன்று பொட்டலம் எல்லாம் எடுத்துக்கொண்டு, டயர் கடைக்குப் பின்னால் அவள் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகைக்குப் போனார். அவள் எங்கோ பெட்ரோல் குழாய் வாங்கப் போயிருந்தாள். வேண்டுமென்றே போயிருக்கலாம். சாவியைக் கதவிலேயே விட்டிருந்தாள்.

உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆலிவ் பச்சையில் ஜீப் நின்றது. பூனை போய் வந்த ஓட்டை எங்கே இருந்தது என்று குனிந்து தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். ஒட்டுப் போட்டது தெரியாமல் ஒட்டுப் போடுவது எவ்வளவு பெரிய வித்தை என்று, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே முப்பது வருஷம் ஒட்டுப் போட்டவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'இதையா பாதியில நிக்கும்னு சொன்னேன்' என்று நினைத்துக்கொண்டார். காது சூடாகிவிட்டது.

திமிலின் மேல் எண்ணெய் தடவினார். மாவைத் தண்ணீரில் கலக்கினால் மூன்று நிமிஷத்தில் இறுகிவிடும். அதற்குள் வழித்துப் பூசி, மேலே ஒரு பலகையை வைத்து அமுக்கினார். பழக்க தோஷம், "கொஞ்சம் கஷ்டமா இருக்கும், மூக்கால மூச்சு விடுங்க" என்று ஜீப்பிடம் சொல்லிவிட்டு, யாரும் கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். இறுகியதும் அசைத்து எடுத்தார். திமிலின் ஒவ்வொரு வளைவும் மாவில் அச்சாகப் பதிந்திருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'டம்ளர் வலது பக்கச் சரிவில் வரணும்.' அதற்குப் பக்கத்தில் அவள் வழக்கமாகக் குடிக்கிற பிடி வைத்த டம்ளர். இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

பட்டறையில் அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, திமிலை அப்படியே மேஜைமேல் பிறக்க வைத்தார். அதன்மேல் மேலண்ணத்தில் உட்காருகிற மாதிரி ஒரு ஓடு. அடியில், பெயின்ட் கீறாமல் இருக்க, ஈறு நோகிற கிழவர்களுக்குப் போடுகிற மிருதுவான பூச்சு. ஓட்டின் சரிவிலிருந்து ஒரு வளையம், டம்ளர் நேராக நிற்கும்படி. பிடிக்கு ஒரு வெட்டு. டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மேஜையை முழங்காலால் இடித்து இடித்துப் பார்த்தார். சிந்தினால் வளையத்தை அரை மில்லிமீட்டர் ஏற்றினார், மறுபடியும் இடித்தார். வியாழக்கிழமை வந்த இரண்டு வாடிக்கையாளர்களை, "உங்க பல்லு எங்கயும் ஓடிடாது, திங்கக்கிழமை வாங்க" என்று திருப்பி அனுப்பினார். பல்லே இல்லாதவர்களிடம் சொல்கிற பேச்சா அது? லீவில் இருந்த வாய், நடுவில் ஒரு நாள் வேலைக்கு வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் முறை தவறினார். எந்தச் செட்டையும் முதலில் மெழுகில் செய்து, வாயில் வைத்துப் பார்க்காமல் அவர் முடித்ததே கிடையாது. இதற்கும் மெழுகில் செய்துகொண்டு போய் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் போனால் அவள் இருப்பாள். முடிக்காத வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த முகத்துக்கு எதிரே எப்படி நிற்பது? நேராக, பல்செட் வார்க்கிற அக்ரிலிக்கில் வார்த்துவிட்டார். பட்டறையில் இருந்தது ஒரே நிறம்தான்: ஈறு நிறம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். தங்கை ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். மூக்கில் கிரீஸ்.

"வாங்க" என்றாள்.

அவர் துணியைப் பிரித்து, ஓட்டைத் திமிலின் மேல் வைத்து அமுக்கினார். 'சப்' என்று உட்கார்ந்தது. தங்கை பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. இழுத்தாள். திமிலோடு பிறந்தது மாதிரி இருந்தது.

பிறகு அவள் ஓட்டுகிற இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வலது கை ஸ்டியரிங்கில். இடது கையைத் தொங்கவிட்டுத் துழாவினாள். வளையம் அங்கே இல்லை. எட்டிப் பார்த்தாள். பளபளவென்று ரோஸ் நிறத்தில், திமிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்து இருக்கைக்காரரின் முழங்காலுக்கு நேராக வளையம் நீட்டிக்கொண்டிருந்தது.

பல்செட்டுக்காரர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சீட்டை எடுத்துப் பார்த்தார். வலது என்றுதான் இருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. வாய் முன்னால் குறுகி, உள்ளே போகப் போக அகலும். ஜீப்பின் திமிலோ எஞ்சின் பக்கம் அகலம், பின்னால் குறுகல். முப்பது வருஷக் கண், பட்டறையில் பிளாஸ்டர் திமிலின் குறுகலான பக்கத்தைப் பார்த்ததும் முன்பல் என்று முடிவு கட்டிவிட்டது. ஜீப்பை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு வலது பார்த்திருக்கிறார் மனுஷன்.

"வாய்னு நெனைச்சுட்டேன்" என்றார், குரலே இல்லாமல்.

"என்னது?"

"வண்டியை வாய்னு நெனைச்சுட்டேன். இதுதான் முன்பல்லு, இது கடைவாய்னு..."

தங்கை ஒரு வினாடி அவரைப் பார்த்தாள், ரோஸ் நிற வளையத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயோ, நீ... நீ என் ஜீப்புக்குப் பல்லு கட்டியிருக்க!" கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றார். "எல்லார் முன்னாடியும் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. மூணு வருஷமா முள்ளு மாதிரி உறுத்துது."

அவள் சிரிப்பு அடங்கியது. "உனக்கு உறுத்துச்சு. குத்தினது எனக்கு."

"ஆமா."

"ஒவ்வொரு நட்டையும் முடுக்கும்போது உன் குரல்தான் கேக்கும். பாதி நாள் அந்தக் கோவத்துலதான் வேலை நடந்துச்சு. மீதி நாள் அழுதேன்."

இந்த மாதிரி இடத்தில் சமாதானம் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு ஐம்பத்திரண்டு வயதாகியிருந்தது. வளையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் குடு. வேற பக்கம் மாத்திக் கட்டித் தரேன்" என்றார்.

"நாளைக்குக் காலையில கெளம்பணும்." அவள் வளையத்தை விரலால் தட்டினாள். "நானும் யோசிக்காம எழுதிட்டேன். இந்த ஸ்டியரிங்கைத் திருப்ப ரெண்டு கையும் வேணும். ஓட்டிக்கிட்டே நான் எங்க எட்டி எடுத்துக் குடிக்க? யாராவது எடுத்துக் குடுத்தாத்தான் உண்டு."

"நான் எடுத்துக் குடுக்கிறேன்" என்றார். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவை அந்த வாய் உருப்படியாக ஒன்று சொன்னது.

"உனக்கு மலைப்பாதைன்னாலே தலை சுத்துமே?"

"சுத்தட்டும். ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல திரும்பி வந்துக்கறேன்."

அவள் யோசித்தாள். "ஒரு கண்டிஷன். பாத்து, மெதுவா, பிரேக் பிடி - இதெல்லாம் வாயில வரக் கூடாது."

"வராது."

சனிக்கிழமை காலை மனைவி அவருக்கு ஒரு ஸ்வெட்டரும், எலுமிச்சம்பழம் இரண்டும், "வாய் பத்திரம்" என்ற புத்திமதியும் கொடுத்து அனுப்பினாள். முதல் இரண்டு மணி நேரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாயால் சொல்லாததையெல்லாம் வலது கால் செய்தது. வளைவு வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தங்கை கையை நீட்டும்போதெல்லாம் டம்ளரை எடுத்துக் கொடுத்தார். குலுங்கின குலுக்கலில் அவர் குடல் இடம் மாறியது. காப்பி மட்டும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே சாலையை மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. தார் இல்லை, செங்குத்தாகக் கல்லும் சேறும். பாதி வழி ஏறிய ஒரு கார் பின்வாங்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "புது வண்டியே ஏறலம்மா. இந்தக் கெழட்டு வண்டியை வெச்சுக்கிட்டு வீணா மாட்டிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை எஞ்சினை அணைக்கவில்லை. மேலே பார்த்தாள்.

"என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் வண்டியைத் திருப்பிவிடுவாள் போலிருந்தது.

வலது பக்கம் பள்ளம். அவர் தொண்டையில் ஆயிரம் புத்திமதி வரிசையில் நின்றது. விழுங்கினார். ஒன்றொன்றாக எல்லாவற்றையும் விழுங்கினார்.

"நீதானே இதை ஒவ்வொரு நட்டாப் பூட்டின. ஏறுமா ஏறாதான்னு எனக்கென்ன தெரியும்?" என்றார். "உனக்குத் தெரியும்."

அவள் தலையசைத்தாள். சின்ன லிவரைப் பின்னால் இழுத்து நான்கு சக்கரத்துக்கும் வேலை கொடுத்தாள். ஜீப் உறுமியது. முன்பக்கம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றியது. சேறு அவர் கன்னத்தில் தெறித்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நின்றது, மறுபடி பிடித்தது. கல் நொறுங்குகிற சத்தம். அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே, கியரை மாற்றாமல், அவசரப்படாமல் ஏற்றினாள். அப்புறம் குலுக்கல் நின்றது. காற்று சில்லென்று அடித்தது.

"அண்ணா, கண்ணைத் திற. மேல வந்துட்டோம்."

"நான் மூடவேயில்லையே" என்றார் அவர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

"பொய்யைக் கண்ணைத் திறந்துக்கிட்டாவது சொல்லு."

அவர் திறந்தார். எதிரே மலைக்கு அந்தப் பக்கம் முழுவதும் வெயிலில் விரிந்து கிடந்தது; அவள் இனிமேல் இருக்கப்போகிற பக்கம். பயத்தில் வந்த கண்ணீரா, வேறு கண்ணீரா என்று அவருக்கே தெரியவில்லை.

"சரி, மூடினேன்" என்றார். "நீ ஏத்திடுவேன்னு தெரியாமலா மூடுவேன்? தெரியலைன்னா குதிச்சு ஓடியிருப்பேனே."