கோல் அடிக்க வந்தவன்

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லை. தொழிற்சாலைக் கால்பந்து அணியில் முக்கால்வாசிப் பேர் இன்னும் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போன வருடம்வரை ஆட்ட நாளில் அவர்களுக்கு வேலை கிடையாது. இந்த வருடம் ஆர்டர் கூடிவிட்டது; ஆள் கூடவில்லை.

பீரங்கி என்று பட்டப்பெயர் வாங்கியவன் மட்டும் ஸ்டோர் ஜன்னலில் உட்கார்ந்து கையுறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கோல் அடிப்பதற்கென்றே வேலைக்கு எடுக்கப்பட்டவன். கால் பத்திரமாக இருக்கட்டும் என்று உட்கார்ந்த வேலை. போன வருடம் அவன் அடித்த கோல்களை மேலாளர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் பிள்ளை மார்க் வாங்கியதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. இன்றும் அடிக்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகக் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"கவலப்படாத மாப்ள," என்றான் இடப்பக்கம் ஓடும் ஒல்லி, பெட்டியைத் தோளில் ஏற்றியபடி. "இன்னிக்கு எல்லாப் பந்தும் உனக்குத்தான்."

"போன வாரமும் இதத்தான் சொன்ன. பாதி ஆட்டத்துல கோட்டுப் பக்கத்துல உக்காந்துட்ட."

"உக்காரலடா. அது வியூகம்."

"அப்ப குறட்டை விட்டியே?" என்றார் கேன்டீன் சமையல்காரர். கோல்கீப்பரும் அவர்தான்.

"அதுவும் வியூகந்தாண்ணே."

ஒல்லி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், மூச்சு இருந்தவரைக்கும். பந்து யார் காலில் பட்டாலும் பீரங்கிக்கே போனது. எதிரணிக்காரர்கள் என்ன முட்டாள்களா? ஒட்டுப் பிளாஸ்திரி மாதிரி இரண்டு பேர் அவன் மேல் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு பெட்டி தூக்கிய கால்கள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. பந்து நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. பீரங்கி இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் காத்து நின்றான். அப்புறம், இந்த வருடம் முழுக்கச் செய்ததுபோலவே, பந்தைத் தேடிப் பின்னால் இறங்கி வந்தான்.

இரண்டாம் பாதியில் யாரோ கண்மண் தெரியாமல் உதைத்த பந்து முன்னால் வந்து விழுந்தது. பீரங்கிதான் அதை எட்டிப் பிடித்தான். எதிரே கோல்கீப்பர் மட்டும்.

"அடிடா!" என்று ஒல்லி கத்தினான்.

பீரங்கி பந்தை நிறுத்தினான். தலையைத் திருப்பி, யாரிடம் கொடுக்கலாம் என்று பார்த்தான். பின்னால் இறங்கி ஆடி ஆடி அது பழகிவிட்டது. பின்னால் யாரும் இல்லை. அவன் மறுபடி முன்னால் திரும்பியபோது எதிரணிக் கோல்கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தார்.

"யாரடா தேடின, பாவி!" என்று ஒல்லி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். இந்த முறை வியூகம் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசி நிமிடத்தில் சமையல்காரரைத் தாண்டிப் பந்து வலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுக்கோட்டிலிருந்து துரத்தி வந்த பீரங்கி சேற்றில் வழுக்கி விழுந்து, கோட்டின்மேல் வைத்து அதை வெளியே தள்ளினான். விசில். சமன். அதில் கிடைத்த ஒரே ஒரு புள்ளியால் அணி லீக்கைவிட்டு வெளியே போகாமல் தப்பியது. சமையல்காரர் அவனைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டார்.

மேலாளர் எல்லோருக்கும் கை கொடுத்தார். பீரங்கியிடம் வந்ததும், "நல்லாத் தடுத்தப்பா," என்றார். "ஆனா தடுக்கறதுக்கு நம்மகிட்ட ஏற்கெனவே ஆளுங்க இருக்காங்களே."

சாயங்கால ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. உடை மாற்ற நேரமில்லாமல் சேறோடு எல்லோரும் கேட்டுக்குள் ஓடினார்கள். பீரங்கியை மட்டும் காவலாளி கைநீட்டி நிறுத்தினார்.

"தம்பி... போன் வந்துச்சுப்பா. உன்ன உள்ள விட வேணாமாம். பூட்ஸ வாங்கி வைக்கச் சொன்னாங்க."

"என் செருப்பு உள்ள இருக்கேண்ணே."

"கேட்ட விட்டு நான் நகரக் கூடாதே."

பீரங்கி தரையில் உட்கார்ந்தான். ஈரத்தில் இறுகிய முடிச்சு லேசில் அவிழவில்லை. காவலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்ஸும் கம்பெனிதுதாம்பா," என்றார் மெதுவாக. "சட்டையையும் கேட்டாங்க. அத நான் மறந்துட்டேன்னு வச்சுக்க."

வாசலுக்கு வெளியே சாலை போடக் கொட்டிய ஜல்லி பரவிக் கிடந்தது. பீரங்கி ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தான். பிறகு மற்றக் காலை வைத்தான்.