ஒரு ஜாண் குறைந்த கயாக்

என் வீட்டுக்காரர் ஜெகநாதனுக்கு ஒரு வேலை தலைக்கேறினால் பேய் பிடித்த மாதிரிதான். நாச்சாரத்தில் ஃபைபர் டேங்க் செய்யும் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்த மனுஷன், ரிடையர் ஆனதும் எங்கள் செகந்திராபாத் வீட்டு ஹாலிலேயே இரண்டு பேர் உட்காரும் மரக் கயாக் படகு ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். பொழுதுபோக்குக்கு இல்லை. போன வருஷ மழையில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது, கட்டில்மேல் போட்ட நாற்காலியில், கழுத்தளவு தண்ணீரில் அரை நாள் கிடந்தேன். முன்பு ஒரு விபத்துக்குப் பிறகு கம்பி வைத்த என் வலது முட்டி மடங்காது. என்னைத் தூக்கிக்கொண்டு போக அவருக்குத் தெம்பில்லை.

"முன்னாடியும் பின்னாடியும் தடுப்புப் பலகை வெக்கறேன் கனகா. அதுக்கு அந்தப் பக்கம் வெறும் காத்துதான். நடுவுல தண்ணி புகுந்தாலும் முழுகாது" என்றார். தடித்த பிளைவுட், ஓரமெல்லாம் எபாக்ஸி பசை, இரு பக்கமும் மூன்று மடிப்பு ஃபைபர் துணி. சுத்தியால் ஓங்கி அடித்துக் காட்டிச் சிரித்தார். வீடு முழுக்க ஒரே நாற்றம். நான் வாய் ஓயாமல் திட்டினேன்.

"ஒரு தடவை உட்கார்ந்து பாரேன்" என்று மூன்று முறை கேட்டார்.

"ஆடி மாசத்துல புதுசு எதுவும் நக்கோ, வேணாம். ஆவணி பொறக்கட்டும், தேங்கா உடைச்சிட்டு உட்கார்றேன்" என்றேன். புத்தி கெட்டவள் நான்தான். அவர் தன் காலை லேசாக மடக்கி உட்கார்ந்து அளவெடுத்துப் பலகையை ஒட்டிவிட்டார்.

ஆடி இருபத்தெட்டு, மத்தியானம். மழை கொட்டித் தீர்த்தது. அரை மணி நேரத்தில் ஹாலில் இடுப்பளவு தண்ணீர். அவர் என்னைக் கட்டிலிலிருந்து சரித்துக் கயாக்கில் இறக்கினார். இடது கால் மடங்கி உள்ளே போய்விட்டது. வலது குதிகால் முன் தடுப்பில் முட்டி நின்றது. ஒரு ஜாண் இடம் குறைந்தது. பாதி உடம்பு வெளியே தொங்க, கயாக் சாய்ந்தது.

ரம்பத்தைத் தேடி எடுத்து வந்து பலகையில் வைத்தவர், அறுக்காமல் நின்றார்.

"அறுத்தா காத்து போயிடும். தெருவுல இழுப்பு ஜாஸ்தி. கொஞ்சம் சாஞ்சாலும் முழுகிடுவோம்."

"நீங்க போயி யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"உன்னை விட்டுட்டு நான் எங்கயும் போகல."

தண்ணீர் அவர் மார்புக்கு ஏறிவிட்டது. இன்னும் ஏறினால் கயாக் வாசல் நிலைக்கு அடியில் நுழையாது. எனக்குச் சாகப் பயமாக இருந்தது. இந்த மனுஷனும் என்னோடு இங்கேயே நின்று சாவாரே என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

"ரம்பத்தைக் கீழ போடுங்க. பலகை இருக்கட்டும். என் முட்டியை மடக்குங்க."

"கனகா, உள்ள கம்பி இருக்கு. டாக்டர் என்ன சொன்னாரு..."

"ஹவ், ஆமா, தெரியும். மடக்குங்க."

புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். அவர் ஒரு கையை முட்டிக்கு அடியில் கொடுத்து, இன்னொரு கையால் கணுக்காலைப் பிடித்தார். சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அழுதுகொண்டே மடக்கினார்.

முட்டிக்குள் என்னவோ முறிந்தது. இரண்டு பேருக்குமே கேட்டது. நான் கயாக்குக்குள் உட்கார்ந்துவிட்டேன்.