பாதிப் பாறையில் அப்பா

போர்வையில் மொய்த்த ஈக்களை யாசிகே வேப்பங்கொத்தால் விரட்டினாள். அவை எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தன. அப்பாவின் வாய் இருக்கும் இடத்தில் வெள்ளைப் போர்வையில் ஓர் ஈரவட்டம். காலையில் சிறு பொட்டாக இருந்தது, இப்போது உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது.

விடியும்போது உயிர் போயிருந்தது. குளிப்பாட்டி, போர்வையில் இறுக்கிச் சுற்றி, பாண்டியாகரா பாறையின் அடிவாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். செங்குத்துச் சுவரின் உச்சிக்குச் சற்றுக் கீழே குகை. தாத்தாவும் அவருக்கு முந்தியவர்களும் அங்கேதான் கிடக்கிறார்கள். கயிறு இழுக்கும் ஆட்கள் மேலே ஏறி வெகுநேரம் ஆகிவிட்டது.

"இன்னும் எதுக்குச் சித்தப்பா காத்துக்கிட்டிருக்கோம்?"

அப்பாவின் தம்பி அட்டிமே மூக்கைத் துணியால் பொத்தியிருந்தார். "மகன் வராம எப்படிம்மா ஏத்துறது?"

"சொல்லியனுப்பி எவ்வளவு நேரமாச்சு? ஆடு மேய்க்கிறவன்கூட இதுக்குள்ள வந்திருப்பான்."

"அவன் ஆடா மேய்க்கிறான்? வெள்ளைக்காரங்களை இல்ல மேய்க்கிறான்."

பக்கத்தில் ஒருவர் சிரித்து, பிணத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வெயில் சாய்ந்த பிறகுதான் தம்பி அபோமி வந்தான். பின்னால் தொப்பியும் ஊன்றுகோலுமாய் அவன் வழிகாட்டும் வெள்ளைக்காரக் கூட்டம், பாறைப்பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியது.

யாசிகே எழுந்து போய் வழிமறித்தாள். "இதுங்களையும் கூட்டிட்டு வந்தியா?"

"நடுவழியில விட்டுட்டு வர முடியுமாக்கா? ஒருத்தி கால் வழுக்கினாலும் என் தலைதான் உருளும்."

"அப்பா நாறிட்டிருக்காருடா."

"மெதுவாப் பேசு."

"ஏன், நம்ம பேச்சு அவங்களுக்குப் புரியுமா?"

"உன் மூஞ்சி புரியுமே."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு வேடிக்கை வேண்டாம் தம்பி. அப்பா நிக்காம மேல போகணும். வேற எதுவும் உங்கிட்ட கேக்கல."

"சத்தியமா இல்லக்கா. படமே எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். கையைத் தூக்கவே மாட்டேன், போதுமா?"

கை தூக்குவது என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பாறைகளைப் பார்க்க நடந்து வரும் கூட்டத்துக்காக அபோமி கண்டுபிடித்த வித்தை அது. தினைத்தட்டையைப் போர்வையில் சுற்றிப் பிணம்போல் கட்டுவார்கள். பாதிப் பாறை ஏறியதும் அவன் கையைத் தூக்குவான், கயிறு நிற்கும். கீழே கேமராக்கள் சொடுக்கும். கையை இறக்கினால் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்க வேண்டும், மேலே இழுக்க வேண்டும். யாசிகேயும் தட்டைக்காக அழுதிருக்கிறாள். "நல்லாத்தான் அழுற, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்று அப்பா அப்போது சிரித்தார்.

கயிறு இறுகியது. மூட்டை தரையை விட்டு எழுந்தபோது அடியிலிருந்து வாடை கிளம்பியது. அட்டிமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா ஒரு சுழல் சுழன்று, தோள் பாறையில் இடிபட, மேலே போனார்.

பாதியில் நின்றார்.

யாசிகே சட்டென்று தம்பியைப் பார்த்தாள். அவன் கைகள் இரண்டும் கீழேதான் தொங்கின. மேலே கயிற்றைப் பிடித்தவர்கள் கீழே தெரிந்த தொப்பிகளைப் பார்த்திருக்கிறார்கள். கைப்பழக்கத்தில் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். இப்போது வழக்கம்போல் சைகைக்குக் காத்திருந்தார்கள்.

"இழுங்கடா!" அபோமி கத்தினான்.

காற்று அதை எங்கோ கொண்டுபோயிற்று. மேலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். மூட்டை மெல்ல ஆடியது. அதிலிருந்து ஏதோ ஒரு சொட்டு பாறையில் விழுந்து கறுப்பாய் வழிந்தது. இன்னொன்று.

அட்டிமே பல்லைக் கடித்தார். "கையைத் தூக்கி இறக்கித் தொலைடா."

"அக்காகிட்ட சத்தியம் பண்ணிட்டேன் சித்தப்பா."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். மூன்றாவது சொட்டும் விழுந்தது. அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அபோமி கையைத் தூக்கினான். யாரோ ஒருவனின் கேமரா சொடுக்கியது. கையை இறக்கினான்.

உடனே பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். எந்த இடத்தில் தொடங்குவார்களோ அதே இடத்தில், அதே ராகத்தில். கயிறு நகர்ந்தது. யாசிகேயும் வாயைத் திறந்தாள். தட்டைக்கு அழுத அதே அழுகைதான் தொண்டையில் வந்து நின்றது. அப்படியே வாயை மூடிக்கொண்டாள்.

பாறைக்குப் பின்னால் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கூட்டத்து வயதான பெண்மணி ஒருத்தி, தொப்பி கீழே விழுந்து கிடக்க, குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

யாசிகே சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டுபோனாள். குனிந்திருந்தவளின் நரைத்த முடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு குடுவையை நீட்டினாள். அந்தப் பெண்மணி வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள்.

மீதித் தண்ணீரை யாசிகே தன் வாயில் ஊற்றினாள். நன்றாகக் கொப்பளித்து, அதே மணலில் துப்பினாள்.