நான்காவது மாடிப் பயணி

உயிரோடு இருக்கும்போதே நாலு பேர் தூக்கிச் செல்லும் பாக்கியம் எனக்குத்தான் வாய்த்தது. இதை நான் சொல்லும்போதெல்லாம் அந்த நாலு பேரில் ஒருத்தியான டீச்சருக்குக் கோபம் வரும். "வாயக் கழுவுங்கக்கா" என்பாள். கழுவினால் போகிற வாயா இது?

எங்கள் குடியிருப்பு மாநகராட்சி கட்டியது. நான் இருப்பது நான்காவது மாடி. முதுகுத்தண்டில் வந்த கட்டி என் கால்களை முடக்கிய அதே வருடம் லிஃப்ட்டும் படுத்துவிட்டது. எனக்காவது ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். லிஃப்ட்டை எட்டிப் பார்க்கக்கூட ஆள் வரவில்லை. எத்தனையோ தடவை மனு கொடுத்தோம், எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

அன்றிலிருந்து நான் கீழே இறங்கவேண்டுமென்றால் நாலு பேர் வேண்டும். சக்கர நாற்காலி கீழ்த்தளத்தில் மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கும். அதுவரை என் சாப்பாட்டு மேசை நாற்காலிதான் வாகனம். தையல்காரி என்பதால் தடித்த துணியில் நானே நாலு வார் தைத்து அதில் கோத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு மூலை சொந்தம். முன்னால் ஒரு பக்கம் பஸ் டிரைவர். படி வளையும் இடமெல்லாம் அவர் குரல்தான், அறுபது பயணிகள் பின்னால் இருப்பதாக நினைப்பு. மறுபக்கம் சலூன்காரத் தம்பி. ஊர் வம்பெல்லாம் அவன் வாயில்தான் வரும். பாதிப் படியில் கதை சூடுபிடித்துவிட்டால் என்னை அப்படியே இறக்கி வைத்துவிட்டு நாலு பேரும் வாக்குவாதம் செய்வார்கள். மாடிப்படியில் நடுவழியில் ஓர் இளவரசி மாதிரி உட்கார்ந்து நானும் தீர்ப்பு சொல்வேன். பின்னால் டீச்சர், அவளுக்குப் பக்கத்தில் கறிக்கடைக்காரர். கறிக்கடைக்காரர் பேசமாட்டார். பேச்சு வராத மனிதரோ என்று முதல் மாதம் சந்தேகப்பட்டேன்.

ஒருநாளும் அவர்கள் முகம் சுளித்ததில்லை. எனக்கு அதுதான் தொல்லை. முகம் சுளிக்காதவர்களிடம் எத்தனை தடவை கேட்பது? ஆஸ்பத்திரிக்கு என்றால் கேட்டுவிடலாம். சில சாயங்காலங்களில் காரணமே இல்லாமல் தெருவில் போய் உட்காரவேண்டும் போலிருக்கும். அந்த ஆசைக்கு வேலையில் இருக்கிற நாலு பேரைக் கூப்பிடுவது எப்படி? ஜன்னலைச் சாத்திவிட்டுத் தையலுக்குத் திரும்புவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி வந்தது. நகர மக்களுக்கு உதவியாக இருக்கும் குழுக்களை மேயரே மேடையில் கௌரவிக்கப் போகிறாராம். எங்கள் நாலு பேரையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். டிரைவர் ஷிஃப்ட் மாற்றி வாங்கினார். டீச்சர் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். கறிக்கடைக்காரர்கூட வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்து என்னிடம் கை குறைக்கக் கொடுத்தார்.

எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. லிஃப்ட்டைச் சரிசெய்ய வக்கில்லாதவர்கள், அந்த வேலையைத் தலையில் சுமக்கிறவர்களுக்குப் பதக்கம் குத்துகிறார்களாம்! மைக் மட்டும் என் கையில் கிடைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று தையல் மெஷினிடம் சபதம் போட்டேன்.

அது எப்படியோ சலூன்காரத் தம்பி காதில் விழுந்துவிட்டது. மாடியேறி வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் லிஃப்ட் பேச்ச எடுக்காதீங்கக்கா."

"ஏன்டா, மேயர் உனக்குச் சொந்தமா?"

"அம்மா வராங்கக்கா. எனக்கு நாலு பேர் கை தட்டி அவங்க பார்த்ததே இல்ல. அங்க போய் சண்டையாயிட்டா..." அவன் முடிக்கவில்லை.

எப்போதும் வாய் ஓயாதவன் பாதியில் நிறுத்தியதைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. வாயைத் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

விழா மண்டபத்தில் மேடைக்கு ஏழெட்டுப் படிகள். சாய்தளம் கிடையாது. "நீங்க கீழ முன்வரிசையிலயே இருங்கம்மா" என்றார் ஓர் அதிகாரி, பெரிய சலுகை தருவதுபோல. டிரைவர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. "ரெடியா? தூக்கு!" என்றார். சக்கர நாற்காலியோடு நான் மேடையேறினேன். கூட்டம் எழுந்து கை தட்டியது. அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை.

மேயர் அம்மா ஒவ்வொருவருக்கும் பதக்கம் அணிவித்துவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினார். "இவங்களப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

நாலு கேள்வியும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. இரண்டாவது வரிசையில் சலூன்காரத் தம்பியின் அம்மா இரண்டு கைகளையும் சேர்த்துத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விழுங்கினேன்.

"நல்ல பிள்ளைங்க. இதுவரைக்கும் ஒரு தடவகூட என்னக் கீழ போட்டதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். சலூன்காரத் தம்பி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே நன்றி சொன்னான்.

மேயர் மரியாதைக்காக அவர்களிடமும் கேட்டார். "உங்களுக்கு மாநகராட்சி ஏதாவது செய்யணுமா?"

மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மைக்கை வாங்கியது கறிக்கடைக்காரர்.

"லிஃப்ட் ரிப்பேர் பண்ணிக் குடுங்க" என்றார். அவருக்கு இவ்வளவு கனத்த குரல் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. "எங்களுக்குத் தூக்குறது கஷ்டம் இல்ல. அக்காவுக்குக் கேக்குறதுதான் கஷ்டம். அவங்க ஜன்னல் என் கடைக்கு எதிர்ல இருக்கு. சாயங்காலம் தெருவப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. அப்புறம் சாத்திருவாங்க. எங்க யாரையும் கேக்காம அவங்க கீழ வரணும். பதக்கம் நல்லாருக்கு. அத விட அது நல்லாருக்கும்."

நான் குனிந்து என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை. இத்தனை நாள் யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை எதிர்க்கடையிலிருந்து ஒரு மனிதர் தினமும் பார்த்திருக்கிறார்.

முதலில் கை தட்டியது இரண்டாவது வரிசைதான். சலூன்காரத் தம்பியின் அம்மா எழுந்து நின்று தட்டினார். பிறகு மண்டபமே தட்டியது. அத்தனை பேருக்கு முன்னால் மேயரால் வேறென்ன சொல்லமுடியும்? அந்த அதிகாரியைக் கூப்பிட்டு, மைக் அணைக்காமலேயே, மாதம் முடிவதற்குள் லிஃப்ட் ஓடவேண்டும் என்றார்.

ஓடியது. முதல் நாள் நாலு பேரும் என் சக்கர நாற்காலியை லிஃப்ட்டில் மேலே கொண்டுவந்து வாசலில் நின்றார்கள். யாரும் கூட வரக்கூடாது என்று விரட்டிவிட்டு, சக்கர நாற்காலியை நானே உருட்டி உள்ளே போனேன். பொத்தானை நானே அழுத்தினேன். கதவு மூடிக்கொண்டது. யாருடைய மூச்சிரைப்பும் கேட்காமல் கீழே இறங்குவது விசித்திரமாக இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் சின்னதாக ஒரு பயம். இனி இவர்கள் என் வாசலுக்கு எதற்கு வரப்போகிறார்கள்?

கீழே கதவு திறந்தது. எதிரே நாலு பேரும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். மாடிப்படியில் விழுந்தடித்து ஓடி வந்திருக்கிறார்கள். டீச்சரின் ஒரு செருப்பைக் காணோம்.

"எதுக்கு இந்த ஓட்டம்? நான்தான் கூப்பிடலையே!"

கறிக்கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கூப்பிட்டாதான் வரணுமாக்கா?"