நாற்பது பெட்டி மண்

திங்கட்கிழமை காலை பூச்சி வளர்ப்பறையில் இருந்தவர்கள்: தலைமை ஆய்வாளர் அம்மையார், என் அக்காவின் கணவர், நான். பெட்டிக்கு ஒன்றாக நாற்பது புழுக்களும் இருந்திருக்க வேண்டும். இல்லை.

காட்டு மரங்களை மொட்டையடிக்கும் ஓர் அந்துப்பூச்சியை அத்தான் மூன்று வருடமாக வளர்த்துவந்தார். வருடத்துக்கு ஒரே தலைமுறை. அதன் புழு கருவாலி என்ற ஓக் மரத்து இலையைத் தவிர எதையும் தொடாது. இந்த நாற்பதும் பூச்சியாக வெளிவந்தால்தான் அவர் வேலை நீடிக்கும் என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள்.

கல்லூரியையும் கிடங்கில் இரவு வேலையையும் விட்டுவிட்டு, வீட்டில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்த என்னை, பெட்டி கழுவ அவர்தான் சேர்த்துவிட்டார். சனிக்கிழமை அவர் விடுப்பு. பெட்டிகளில் இலை கடிபடாமல் கிடந்தது, புழுவைக் காணோம். செத்ததை அவரே எடுத்துப்போட்டிருப்பார் என்று நினைத்தேன். காலிப் பெட்டிக்கான விதி சுவரில் ஒட்டியிருந்தது: மண்ணைக் கொட்டு, கிருமி சாகச் சூட்டடுப்பில் இரண்டு மணி நேரம் வை, பெட்டியைக் கழுவு. மூன்றையும் செய்தேன்.

“காலியாத்தான் இருந்துச்சு,” என்றேன்.

அத்தான் அந்த மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார். “வயிறு நிறைஞ்சா மண்ணுக்குள்ள போயிரும், மச்சான். அங்கதான் கூட்டுப்புழு ஆகும். நான் சொல்லலையா?”

“சொல்லல.”

யோசித்தார். “ஆமா, சொல்லல.”

சல்லடையில் பழுப்புக் கூட்டுப்புழுக்கள் தங்கின. ஒன்றை நகத்தால் பிளந்தார். உள்ளே வறண்டிருந்தது.

“படிப்பைப் பாதியில விட்ட. ராத்திரி வேலையைப் பாதியில விட்ட. முழுசா முடிச்சது இது ஒண்ணுதான்.”

“யாரு சுட்டது?” என்றார் அம்மையார்.

நான் வாயெடுப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். “நான்தான் சுடச் சொன்னேன், மேடம்.”

“சனிக்கிழமை நீங்க லீவாச்சே.”

“போன்ல சொன்னேன்.”

அம்மையார் என்னைப் பார்த்தார். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் ஒருவருக்காவது சம்பளம் வரட்டும் என்று அத்தான் நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

“ரூம் சாவியத் தம்பிகிட்ட குடுத்துட்டுப் போங்க,” என்றார் அம்மையார்.

அத்தான் சாவியை என் கையில் வைத்தார். “அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ உளறி வைக்காத.”

“சரி அத்தான்.”

அவரும் அம்மையாரும் வெளியே போனார்கள். கதவைச் சாத்திப் பூட்டினேன்.