சரியான வார்த்தை

லார்சியஸ் பெற்ற மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏழு வருஷமாகிறது. "ஏ புள்ளே" என்பான், "இந்தாம்மா" என்பான், ஒன்றும் வாயில் வராவிட்டால் கையைத் தட்டுவான். பெற்றவன் செய்கிற வேலையா இது? "அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலியாம்மா?" என்று நேற்று அந்தப் பிள்ளை அம்மாவிடம் கேட்டே விட்டது.

இன்று காலையில் அவன் கிளம்பும்போது பெண்டாட்டி ருஃபில்லா கறாராகச் சொன்னாள். "இன்னிக்கு வந்ததும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. இல்லேன்னா நீங்க வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்."

காரணத்தைச் சொல்ல அவனுக்கு வாய் ஏது? அவளிடம் சொல்லும்படியான காரியமா அது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் பிரிட்டோரியன் படையில் இருந்தான். ரோமாபுரியை ஆளுகிறவரின் உயிருக்குக் காவல் நிற்கிற படை. மற்றப் படைக்காரனெல்லாம் எல்லையில் பனியில் விறைத்துச் சாக, இவர்கள் அரண்மனைக்குள் வெள்ளை மேலாடையைப் போர்த்திக்கொண்டு, அதற்கடியில் வாளை மறைத்துக்கொண்டு, சொகுசாக நிற்பார்கள். தினமும் சக்கரவர்த்தி தம் வாயால் ஒரு வார்த்தை சொல்வார். அதைச் சொல்கிறவனுக்குத்தான் அன்று வழி. பெரும்பாலும் ஏதாவது சாமி பேராக இருக்கும்.

ஒரு நாள் காலை வார்த்தை கேட்க வந்தவன் அதிகாரி முர்கஸ். சக்கரவர்த்திக் கிழவர் தாடியைச் சொறிந்துகொண்டே, வாசலில் நின்ற லார்சியஸைப் பார்த்தார்.

"உனக்குப் பொண்ணு பொறந்திருக்காமே. பேரு வச்சாச்சா?"

"முந்தாநாள் எட்டாம் நாளு, வச்சாச்சு ஐயா. சால்வியா."

"ஒரு ஆபத்தும் அண்டாதவள்னு அர்த்தம். நல்ல பேருப்பா." கிழவர் முர்கஸ் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு அதுதான் வார்த்தை."

லார்சியஸுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் பிள்ளை, அதன் பேரைச் சொன்னால்தான் இன்று சக்கரவர்த்தியின் கதவே திறக்கும். ருஃபில்லா காதில் விழுந்தால் தெரு முழுக்கத் தமுக்கடித்துவிடுவாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான்.

உச்சிப்பொழுதில் கிழவர் குளிக்கப் போனார். குளியலறை நடையில் காவல் இவன்தான். கொஞ்ச நேரத்தில் முர்கஸ் நாலு பேரோடு வந்தான். நாலு பேரும் இவனோடு ஒரே பானையில் கஞ்சி குடித்தவர்கள். வாள் உறையில் கிடந்தால் மேலாடை ஒரு மாதிரி தொங்கும், கையில் உருவியிருந்தால் வேறு மாதிரி தொங்கும். அந்தப் படையில் நின்றவனுக்குத்தான் அது தெரியும். லார்சியஸ் பார்த்தான். பார்த்துத் தொலைத்தான்.

கையைக் குறுக்கே நீட்டி, "வார்த்தை?" என்றான்.

"சால்வியா," என்றான் முர்கஸ். அப்புறம் குரலைத் தணித்தான். "சரியா இருக்கில்ல? அப்போ விடு. உன்மேல ஒரு தப்பும் கிடையாது."

ஒரு சத்தம் போட்டிருக்கலாம். உள்கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, கிழவர் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் சத்தம் போட்டால் முதல் குத்து யாருக்கு? வீட்டில் பச்சைப் பிள்ளை. லார்சியஸ் கையை மடக்கிக்கொண்டான்.

"சரியா இருக்கு, போங்க."

உள்ளேயிருந்து கிழவர் கூப்பிட்டது இவன் பெயரைத்தான். இரண்டு தரம் கூப்பிட்டார்.

அப்புறம் அந்தப் படையே ஓர் ஆளைப் பிடித்து அரியணையில் உட்கார வைத்தது. அவரையும் ஒரு வருஷத்தில் கவிழ்த்தது. மூன்றாவதாக வந்தவர் விவரமானவர், ஒரே நாளில் எல்லாரையும் துரத்தி விட்டார். இப்போது லார்சியஸ் ஆற்றுத் துறையில் மூட்டை தூக்குகிறான். காவல் வேலை கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

இன்று திரும்பி வருகிற வழியில் இறைச்சிக்கடைக்காரி தன் நாயை விளக்குமாற்றால் விளாசிக்கொண்டிருந்தாள். காவலுக்குக் கட்டிப்போட்ட நாய் கறியையே தின்றுவிட்டது. "சோறு போட்டவ கையையே கடிக்கப் பாக்குறியா? பிரிட்டோரியன் நாயே," என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பேர் இப்போது இதற்குத்தான் ஆகிறது. லார்சியஸ் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

மூன்றாம் மாடி ஏறினால், மகள் வாசலில் துடைப்பத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா சொல்லிக்கொடுத்து நிற்கிறாளோ, தானே நிற்கிறாளோ. உள்ளே ருஃபில்லா கூழைக் கிண்டிக்கொண்டே காதை இங்கேதான் வைத்திருந்தாள்.

"நில்லுங்க. வார்த்தை சொன்னாத்தான் உள்ள விடுவேன்."

"என்ன வார்த்தைம்மா?"

"என் பேரு."

பிள்ளை அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. இதற்கு மேலும் அதைக் காக்க வைத்தால் அவன் மனுஷனே இல்லை.

"சால்வியா," என்றான்.

அந்த முகம் பூரித்ததே, அவனால் அதைப் பார்க்க முடியவில்லை. துடைப்பத்தை மிடுக்காக விலக்கினாள். "சரியா இருக்கு, போங்க."

லார்சியஸ் உள்ளே போகவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"வார்த்தை சரியா இருந்தா போதுமா? கையில என்ன இருக்குன்னு பாக்க வேண்டாமா?"

"பாத்தேனே. ஒண்ணுமில்லியே."

அவன் காய்ப்பேறிய கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் பாத்தேன்மா," என்றான். "பாத்துட்டுத்தான் விட்டேன்."

உள்ளே ருஃபில்லா கிண்டுவதை நிறுத்தியிருந்தாள்.