ட்ரூடி மீன்களைப் பார்க்கச் சொன்னாள்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகர நூலக அரங்கில் மரபணு விஞ்ஞானி இமோஜன் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மரபணு உடம்பில் என்ன வேலை செய்கிறது என்று அறிய, மீன்குஞ்சுகளில் அதைக் கெடுத்துவிட்டு என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்றார். திரையில் ஒரு மரபணுவின் பெயர் வந்தது.

"இந்த ஜீன் பழுதாகிப் பொறந்த குழந்தைங்க உலகத்துலயே ஒன்பது பேர்தான்" என்றார்.

என் பக்கத்தில் இருந்த தங்கை ட்ரூடி எழுந்துவிட்டாள். அவள் மகள் ஃபெர்னின் நோய்க்குக் காரணமென்று டாக்டர்கள் சொன்னது அந்தப் பெயரைத்தான். அதற்குமேல் அவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை.

"அதுல ஒருத்தி என் பொண்ணு. அந்த ஜீன் என்ன வேலை செய்யுது, சொல்லுங்க."

"இன்னும் தெரியலைங்க."

"எப்போ தெரியும்?"

"அஞ்சு வருஷம் ஆகலாம். மருந்து அதுக்கப்புறம்தான்."

"அவளுக்கு அவ்வளவு நாள் இல்லைங்க. போன வாரத்துலேர்ந்து தண்ணிகூட முழுங்க முடியல."

"உக்காருடி" என்று கையைப் பிடித்தேன். உதறினாள்.

இமோஜன் மேடையிலிருந்து இறங்கி வந்து, ட்ரூடியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பொய்யா நம்பிக்கை குடுக்க எனக்கு மனசு வரல. மன்னிச்சிருங்க" என்றார்.

"இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?" ட்ரூடி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எழுந்து போங்க. போய் அந்த மீனுங்களப் பாருங்க!"

இமோஜன் எழுந்திருக்கவில்லை. ட்ரூடி கத்திக்கொண்டே இருந்தாள். பேச்சைக் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, சத்தமில்லாமல் வெளியே போனார்கள்.